எழுதிக் கொடுப்பதற்கு முன்: திருகோணமலைக் குடும்பங்களுக்கும் கடைக்காரர்களுக்கும்

திருகோணமலையில் நொத்தாரிசுமாருக்கு உறுதி தட்டச்சுச் செய்து கொடுத்துத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் சட்டத்தரணியின் அறைக்குள் சொல்லாததை வெளியே என் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னவர்கள் ஏராளம். அவர்களில் அரைவாசிப் பேர் வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளை, எல்லாவற்றையும் ஒரு மரண சாசனத்தில் போட்டு முடித்துவிடுங்கள்."

எல்லாவற்றையும் ஒரு மரண சாசனத்தில் போட முடியாது. உவர்மலை வீடு ஒரு வழியால் பிள்ளைக்குப் போகும். கந்தளாய் வயல் வேறு வழி. வங்கிப் பணத்துக்கும் கடைக்கும் தனித்தனி வழிகள். எது எந்த வழியால் போகிறது என்று தெரியாமல் எழுதிய மரண சாசனம், எழுதாததைவிடக் கூடுதலான சண்டையைக் கிளப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நொத்தாரிசைத் தேடிப் போவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து அலுமாரிக் கடதாசிகளைக் கட்டிலில் பரப்புங்கள். மனைவியை விட்டுவிட்டுச் செய்ய வேண்டாம். பெரும்பாலும் பின்னால் தனியே நின்று இந்தக் கடதாசிகளோடு மாரடிக்கப் போகிறவர் அவர்தான். நான்கு குவியல் போதும்: உறுதிக் காணி (உறுதி எழுதிக் கைமாறும் சொந்தக் காணி), அரச காணி (அரசு பத்திரம் கொடுத்துத் தந்த காணி), பணம், தொழில்.

உறுதிக் காணி

உறுதியின் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அட்டவணை இருக்கும். அதை வாய்விட்டு வாசியுங்கள். "வடக்கில் இன்னாரின் காணியும், கிழக்கில் ஒழுங்கையும், தெற்கில் இன்னாரின் வளவும்" என்று போகும். பழைய உறுதிகளில் அந்த வடக்கு எல்லைக்காரர் இறந்து அரை நூற்றாண்டாகியிருக்கும். ஒழுங்கை தார் போட்ட வீதியாகிப் பெயரும் மாறியிருக்கும். அதெல்லாம் பரவாயில்லை. நீங்கள் தேட வேண்டியது, விஸ்தீரணத்தைச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் "பிரிபடாத" என்ற சொல் இருக்கிறதா என்பதை. "பிரிபடாத ஆறில் ஒரு பங்கு" என்றிருந்தால், மதில் கட்டிக் கேற் போட்டிருந்தாலும் உங்களுக்குச் சொந்தமானது பங்குதான், துண்டு அல்ல.

பங்காளிகள் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, எல்லாப் பங்காளிகளும் ஒப்பமிட்டுப் பிரிவினை உறுதி முடிக்கலாம். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குத்தான். அந்த வழக்குகளைத் தொடங்கியவரின் பிள்ளைகளே முடித்து வைப்பது வழக்கம்.

உறுதி தொலைந்தவர்கள் இங்கே அதிகம். 1990 இடப்பெயர்வில், 2004 கடல்கோளில், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்து ஓட்டத்தில் பெட்டியோடு போனவை. கலங்க வேண்டாம். நொத்தாரிசு முடிக்கும் காணி உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியை இரந்து வாங்கிப் பாருங்கள். ஒரே பெரிய காணியிலிருந்து பிரிந்தவை என்றால் பதிவேட்டின் பக்கம் அதிலிருந்து பிடிபடும்.

எழுதாமல் இறந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்தக் குவியலோடு தெரிந்துகொள்ளுங்கள். திருகோணமலைத் தமிழருக்குப் பொதுச் சட்டம்: 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இறந்தவரின் சொத்தில் அரைவாசி வாழ்க்கைத்துணைக்கு, மற்ற அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாக. வீடு கணவன் பெயரில் இருந்து மூன்று பிள்ளைகள் என்றால், மனைவிக்கு இரண்டில் ஒன்று, பிள்ளைக்கு ஆறில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான்கு சொந்தக்காரர். தாய் கூரை மாற்றக் கடன் எடுப்பதென்றாலும் நான்கு ஒப்பம் வேண்டும்.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கலியாணத்தின்போதோ தொழில் தொடங்கவோ பெற்றோரிடம் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வாங்கிய பிள்ளை, எழுதாத சொத்தைப் பங்கிடும்போது அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும், பெற்றோர் அதிலிருந்து விடுவித்ததாகக் காட்டினால் ஒழிய. சீதனமாக ஆலஸ்தோட்டத்து வீட்டை எழுதி வாங்கிய மகளும், ஒன்றும் வாங்காத தம்பியும் ஒரே மேசையில் இருக்கும்போது இந்த வரி வெளியே வரும். சீதனம் கணக்கில் சேருமா சேராதா என்பதை உயிரோடிருக்கும் தாய் தகப்பனே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: எங்களுக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையா, பொதுச் சட்டமா? வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமை அவர்களோடு கூடவே வரும். குடும்பம் எப்போது திருகோணமலையை நிலையான ஊராக்கிக்கொண்டது என்பதை வைத்தே விடை மாறும். தேசவழமையில் தேடிய தேட்டத்தில், அதாவது கலியாணத்தின் பின் தேடிய சொத்தில், மனைவிக்குப் பங்குண்டு. பொதுச் சட்டத்தில் கணவன் பெயரில் வாங்கியது கணவனுடையது, மனைவி பெயரில் வாங்கியது மனைவியுடையது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் எழுதாமல் இறந்தால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பங்கைத் தீர்மானிக்கும். அது தனிக் கணக்கு.

இருக்கும்போதே கொடுப்பது

நம் ஊரில் மரண சாசனத்தைவிட நன்கொடை உறுதிக்குத்தான் மவுசு. "எழுதிக் கொடுத்துவிட்டேன், கடமை முடிந்தது" என்ற நிம்மதி. என் முழுக் கவலையும் இந்த உறுதியில்தான்.

ஒரு ஹாட்வெயார் கடைக்காரர், கடை நிற்கும் காணியையும் வீட்டையும் ஒரே நாளில் மகனுக்கு நன்கொடையாக முடித்தார். சீவிய உரித்து, அதாவது சாகும்வரை இருந்து அனுபவிக்கும் உரிமை, வைக்கச் சொல்லி நொத்தாரிசு எடுத்துச் சொன்னார். "என் மகனை நான் நம்பாமல் யார் நம்புவது" என்று பெரியவர் சிரித்தார். மகன் கெட்டவன் அல்ல. வியாபாரத்தைப் பெருப்பிக்க இரண்டையும் ஈடு வைத்துக் கடன் எடுத்தான், வியாபாரம் படுத்தது. ஈட்டுக் காணியை வழக்குக்குப் போகாமலே ஏலத்தில் விற்க 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஏல அறிவித்தல் வந்தபோது, அந்த வீட்டில் நாற்பது வருடம் இருந்த மனுசனுக்குச் சட்டப்படி ஒரு வார்த்தை சொல்ல இடமிருக்கவில்லை.

நன்கொடை எழுதுவதானால் இவற்றைக் கேட்டு எழுதுவியுங்கள். சீவிய உரித்தை உங்களுக்கு மட்டும் வைக்காதீர்கள். "எனது வாழ்நாளிலும், எனக்குப் பின் எனது மனைவியின் வாழ்நாளிலும்" என்று இரண்டு பேரையும் எழுத வேண்டும். கணவன் பெயரில் மட்டும் உரித்து வைத்த உறுதிகள் எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன. அவர் கண்ணை மூடிய மறுநாள் மனைவி மகன் வீட்டில் விருந்தாளி. அடுத்து, நன்கொடையை மீளப்பெறும் உரிமையை வைத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்பது உறுதியில் தெளிவாக இருக்கட்டும். மீளப்பெற முடியாதது என்று எழுதிவிட்டால், பிள்ளை பெரும் நன்றிகெட்ட செயல் செய்தான் என்று நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் திரும்பப் பெறலாம். அதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற யாருக்குத் தெம்பு இருக்கிறது? மேலும், நன்கொடையைப் பெறுபவர் ஏற்றுக்கொண்டு ஒப்பமிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தெரியாமல் "அதிர்ச்சியாக இருக்கட்டும்" என்று எழுதி அலுமாரியில் வைப்பது நன்கொடை ஆகாது.

என் கருத்தைக் கேட்டால்: இருக்கும் வீட்டைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது காணி இருந்தால் அதைக் கொடுங்கள்.

மரண சாசனம்

இது சுருக்கமானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாமலும் முடியும், ஆனால் அப்போது ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் ஒப்பம் வாங்குவது செல்லாது. யாருக்கு எவ்வளவு என்பதில் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் முழுச் சுதந்திரம் தருகிறது, ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே விடாமலும் எழுதலாம். சாசனம் எழுதிய பின் கலியாணம் செய்தால் அது இரத்தாகிவிடும். மனைவி இறந்து மறுமணம் செய்த பெரியவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சாட்சிகளாகப் பங்கு பெறுபவர்களையோ அவர்களின் வாழ்க்கைத்துணையையோ போடாதீர்கள். உங்களைவிட வயது குறைந்த, ஊரை விட்டுப் போகாதவர்களைத் தெரிவு செய்யுங்கள். சாட்சி அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டால், நாளை சாசனத்தை யாராவது மறுக்கும்போது அவரைத் தேட வேண்டும். வயது எண்பதைத் தாண்டியவர் என்றால், ஒப்பமிடும் அதே நாளில் மருத்துவரிடம் சித்த சுவாதீனம் பற்றி ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நிறைவேற்றுநராகப் பெயரிடுபவரிடம் முதலில் கேளுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு நடத்தப் போவது அவர்.

கோபத்தைச் சாசனத்தில் எழுத வேண்டாம். "என்னைக் கவனிக்காத மூத்தவனுக்கு" என்று தொடங்கிய ஒரு வாசகத்தை நொத்தாரிசு ஐயா பேனாவால் வெட்டிவிட்டு, "இன்னாருக்கு இன்னது" என்று மட்டும் எழுதச் சொன்னார். காரணம் எழுதினால் அந்தக் காரணத்தையே பிடித்து வழக்குப் போடுவார்கள்.

அரச காணி

கந்தளாய், அல்லை, முதலிக்குளம் குடியேற்றத் திட்டங்களில் வயல் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ என்றால், அந்தக் காணிக்கு மரண சாசனத்தை நம்பியிருக்காதீர்கள்.

செய்ய வேண்டியது பின்னுரித்தாளர் நியமனம், அதாவது உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்று பெயர் குறிப்பது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் அதற்கான படிவத்தைக் கேளுங்கள். ஒப்பமிட்டால் மட்டும் போதாது, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அது பதிவாக வேண்டும். பதிவாகாத நியமனத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து இறந்துபோனால் நியமனமே இல்லாத மாதிரித்தான். நியமனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்க்கைத்துணை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவருக்கு, மறுமணம் செய்தால் போய்விடும். அதன் பின் பின்னுரித்தாளர். ஒருவரையும் நியமிக்காமல் போனால் முன்பு மூத்த ஆண்பிள்ளை முன்னே நின்றார். 2022 திருத்தம் ஆண், பெண் பேதத்தை எடுத்துவிட்டது. உரித்து வந்தவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். டோகாவில் வேலை செய்யும் மகனைப் பின்னுரித்தாளராக்கும் முன் இதை யோசியுங்கள்.

வயல் ஒரு பிள்ளைக்கு மட்டும் போவதால் மற்றவர்களுக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதை உறுதிக் காணியிலும் பணத்திலும் சரிக்கட்டுங்கள். அதற்காகத்தான் எழுதுவதற்கு முன் குவியல் பிரிக்கச் சொன்னேன்.

பணமும் ஓய்வும்

சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது: ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். தனியார் துறையில் ஓய்வு வயது 2021 சட்டத்தின் பின் 60. ஆகவே 55இல் பணத்தை எடுத்துவிட்டு 60 வரை உழைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் மேல்மாடி கட்டுகிறார்கள். லண்டன் மகன் வந்தால் தங்க! மாடியை விற்று மருந்து வாங்க முடியாது. இரண்டு வருடச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போதுமான தொகை, கணவன் மனைவி இருவரில் எவரும் தனியே எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

கடைக்காரருக்கு இந்த நிதியெல்லாம் கிடையாது. கடையே தன் ஓய்வூதியம் என்று நினைக்கிறார்கள். சுயதொழில் செய்பவருக்கு 1996இல் சட்டமான சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் உண்டு, 59 வயதுக்கு முன் சேர வேண்டும். பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

வங்கிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் நியமனதாரர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு இடம் தருகிறது. நியமனம் இருந்தால் வங்கி நேரே அவரிடம் கொடுக்கும். ஆகவே கலியாணத்துக்கு முன் தம்பியின் பெயரைக் கொடுத்தவர்கள் உடனே மாற்றுங்கள். தொடாமல் பத்து வருடம் கிடந்த கணக்குகளின் பணம் மத்திய வங்கிக்குப் போய்விடும். திரும்பக் கேட்டு வாங்கலாம், அலைய வேண்டும்.

கடை

தனி ஒருவரின் பெயரில் பதிந்த வியாபாரம் அவரிலிருந்து வேறல்ல. அவர் இறந்ததாக வங்கிக்கு அறிவித்தல் கிடைத்ததும் அவரது காசோலைகளுக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் முடிகிறது. நம் ஊர்க் கடைகள் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து பிற்திகதியிட்ட காசோலையில்தான் சாமான் எடுக்கின்றன. செத்தவீடு முடிவதற்குள் காசோலை ஒவ்வொன்றாகத் திரும்பும். அந்தியேட்டிக்கு முன்பே கடன்காரர் வாசலில் நிற்பார். மூன்று தலைமுறைப் பெயர் ஒரு மாதத்தில் கெடுவது இப்படித்தான்.

அதனால் கடையைக் கொடுப்பவர் எழுதி வைக்க வேண்டிய முதற் கடதாசி மரண சாசனம் அல்ல, கொடுத்துள்ள காசோலைகளின் பட்டியல். யாருக்கு, எந்தத் திகதிக்கு, எவ்வளவு. அடுத்தது வரவேண்டிய கடன். உங்கள் கையெழுத்தில் "மீன்கார மாமா 4" என்று இருப்பது நான்காயிரமா நான்கு இலட்சமா என்று மகனுக்குத் தெரியாது. மனைவியின் தனிக் கணக்கில் ஒரு மாதக் கொள்வனவுக்கான பணம் இருந்தால் பெயர் தப்பும். வேலையாட்களின் சேமலாப நிதி நிலுவையையும் பாருங்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர்ந்திருக்கும். கடையை ஏற்கும் பிள்ளையின் தலையில் அதுவும் விழும்.

வியாபாரம் பெரிதென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனியாக்குவதே சரி. கம்பனிக்குச் சாவு இல்லை, பங்குகள்தான் கைமாறும். கடை நடத்தும் மகனுக்குக் கூடிய பங்கும், நடத்தாத மகளுக்குக் குறைந்த பங்கும் கொடுக்கலாம். இரண்டாவது பணிப்பாளராக மகனைச் சேர்த்துக் காசோலை ஒப்பமும் இப்போதே கொடுங்கள். கணக்காளருக்கும் வருடாந்த அறிக்கைக்கும் செலவுண்டு. சிறிய பலசரக்குக் கடைக்கு அது தேவையில்லை.

இரண்டு நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஐஸ் கம்பனி, மீன் வாடி போன்றவை பெரும்பாலும் வாய்ப் பேச்சில் ஓடுகின்றன. போட்ட முதலீடு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டால் பங்குடைமை எழுத்தில் ஒப்பமிட்டு இருக்க வேண்டும் என்பது 1840இலிருந்து சட்டம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஒருவர் சாவோடு பங்குடைமை கலைகிறது. ஒப்பந்தத்தில் தொழில் தொடருமா, இறந்தவரின் பங்குக்கு யார் விலை போடுவது, அந்த விலையை எத்தனை மாதத்தில் கொடுப்பது என்ற மூன்றும் இருக்கட்டும். மூன்றாவது இல்லாவிட்டால் விதவை மாதா மாதம் வாடிக்குப் போய் நிற்க வேண்டிவரும்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகள்

கனடாப் பிரசையாகிவிட்ட மகளுக்குக் காணி விட முடியாது என்று ஊரில் ஒரு கதை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் நெருங்கிய உறவினருக்கு உரிமைவழியாகவும் நன்கொடையாகவும் மரண சாசனத்தாலும் போவதற்கு விலக்கு இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. சிக்கல் வேறிடத்தில்: அந்த மகள் பின்னர் தம்பியின் பங்கை விலைக்கு வாங்க நினைத்தால் தடை வரும். ஆகவே அவருக்குப் பிரிபடாத பங்காக விடாமல் முழுத் துண்டாகவோ பணமாகவோ விடுங்கள்.

அற்றோணித் தத்துவத்தை, அதாவது தனக்காக இன்னொருவர் ஒப்பமிட எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தைப் பற்றி ஒன்று: கொடுத்தவர் இறந்த கணமே அது முடிந்துவிடும். தகப்பன் கொடுத்த தத்துவத்தை வைத்து, தகப்பன் இறந்த பின் காணி விற்க வந்தவர்கள் உண்டு. அது குற்றம்.

காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் என் மேசைக்கு வந்தால் நான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பேன். இறப்புச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்பார்கள். எடுக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் கீழ் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். சாசனத்தில் அந்தப் பிள்ளைக்கும் பங்கு எழுதலாம். கூடவே, அவர் வந்து பொறுப்பேற்கும் வரை யார் பராமரிப்பது, வருமானம் யாருக்கு என்பதையும் எழுதுவியுங்கள். அது இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளின் பங்கும் அசையாது.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். ஒவ்வொரு உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும், சாசனத்தின் மூலப்பிரதி இருக்கும் இடம், பிரதேச செயலகக் கோப்பு இலக்கம், வங்கிக் கிளைகள், சோலைவரிப் பற்றுச்சீட்டு வைத்த இடம், அடகுக் கடைத் துண்டு இருந்தால் அதுவும். அந்தத் தாளின் பிரதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் போகட்டும். மூத்தவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, "நீ மற்றவர்களுக்குச் சொல்" என்று விடாதீர்கள். ரொறன்ரோவில் விடியும் நேரம் பார்த்து அழைப்பெடுத்து, எல்லோரும் கேட்க நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.